வேலை இருக்கிறது, சொல்லிவிட ஆள் இல்லை

கேள்வி: அக்கா, நான் பெரும்பாக்கம் வாரியக் குடியிருப்பில் இருக்கிறேன். எங்கள் பிளாக்கில் 96 வீடுகள். போன வருடம் குடியிருப்போர் சங்கத்துக்கு என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். பாதி வீடுகளில் ஆண்களுக்கு நிலையான வேலை இல்லை. சிந்தாதிரிப்பேட்டை ஆற்றோரத்தில் இருந்தவரை திருவல்லிக்கேணியில் மூன்று வீட்டு வேலை பார்த்த என் அம்மாவும் இப்போது சும்மாதான் இருக்கிறார். ஒரு வேலைவாய்ப்பு முகாமுக்கு 41 பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். 14 பேரை எடுத்தார்கள். மூன்றாவது மாதம் பார்த்தால் இரண்டு பேர்தான் நிற்கிறார்கள். "இவங்களுக்கு உழைக்க மனசில்லை" என்று எங்கள் ஆட்களே சொல்கிறார்கள். இப்போது ஓர் அறக்கட்டளை வந்து தையல் பயிற்சி நடத்தித் தருகிறேன் என்கிறது. ஒப்புக்கொள்ளலாமா? ஏழாவது மாடியில் ஓர் அண்ணன், பெயிண்டர், எட்டு மாதமாக மாடிப்படியிலேயே உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பார்த்தால் மனசு என்னவோ செய்கிறது. எங்கிருந்து தொடங்குவது என்று சொல்லுங்கள். (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புத் தங்கைக்கு,

அந்த 14 பேர் விஷயத்தை முதலில் பேசிவிடலாம். அதுதான் உங்களை அதிகம் அரித்துக்கொண்டிருக்கிறது என்று தெரிகிறது. 12 பேர் திரும்பி வந்ததை நீங்கள் உங்கள் தோல்வியாக நினைக்கிறீர்கள். பிளாக்கில் இருப்பவர்கள் அதைச் சோம்பேறித்தனம் என்கிறார்கள். இரண்டையும் நான் ஏற்கவில்லை. இப்படிக் கொண்டுவந்து குடிவைத்த இடங்களில் 19 வருடமாக வேலை செய்கிறேன். வேலையை விட்டு வந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பார்த்தால், காரணம் பெரும்பாலும் பஸ்ஸில் இருக்கும், சம்பளத் தேதியில் இருக்கும், இல்லாவிட்டால் கேட்டில் நின்ற சூப்பர்வைசர் சொன்ன ஒரு வார்த்தையில் இருக்கும். காரணம் மனசில் இருந்ததாக நான் பார்த்தது மிகக் குறைவு.

இதே ஆட்கள்தானே ஆற்றோரத்தில் இருந்தபோது விடியும் முன்னால் எழுந்து போனார்கள்? லாரியில் சாமான் ஏற்றிய ஒரே நாளில் அவர்களுடைய குணம் மாறிவிடுமா?

மாறியது வேறு. உங்கள் ஏழாவது மாடி அண்ணனையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயிண்டருக்கு வேலை எப்படி வரும்? அவர் எங்கேயும் விண்ணப்பம் போட்டிருக்க மாட்டார். காலை ஆறரைக்கு டீக்கடை வாசலில் நின்றிருப்பார். மேஸ்திரி வண்டியை நிறுத்தி, "ரெண்டு ஆள் வேணும், எழும்பூர்ல மூணு நாள் வேலை" என்பார். மேஸ்திரி வராத நாளில் ஹார்டுவேர் கடைக்காரர், "பார்ட்டி ஒண்ணு பெயிண்டர் கேட்டுச்சு" என்று ஒரு நம்பரைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். கல்யாண சீசன், பொங்கல் என்றால் தெருவிலேயே யாராவது கூப்பிடுவார்கள். இதுதான் அவருடைய வேலைவாய்ப்பு அலுவலகம். 25 கிலோமீட்டர் தள்ளி வந்ததும் அந்த டீக்கடை இல்லை, கடைக்காரர் இல்லை, மேஸ்திரிக்கும் இவ்வளவு தூரத்தில் இருப்பவரைக் கூப்பிட வேண்டிய அவசியம் இல்லை. கைத்தொழில் அவரோடு லாரியில் வந்துவிட்டது. வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுகிற ஆட்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள்.

உங்கள் அம்மா கதை இன்னும் தெளிவு. வீட்டு வேலை என்பது காலையில் இரண்டு மூன்று மணி நேரம், சாயங்காலம் ஒன்றிரண்டு மணி நேரம். நடந்து போகிற தூரத்தில் இருந்தால் நடுவில் வீட்டுக்கு வந்து உலை வைத்துவிட்டுத் திரும்பப் போகலாம். ஒரு வழிக்கே ஒன்றரை மணி நேரம் பஸ் என்றால் அந்த வேலையை ஒரு நாளுக்குள் அடைக்க முடியாது. 2021-லிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அது பெரிய உதவிதான். ஆனால் அந்த பஸ் மிச்சப்படுத்துவது காசை, நேரத்தை அல்ல.

நம் ஊருக்கு மட்டும் நடந்தது இல்லை இது. 1987-ல் அகமதாபாத்தில் பீடி சுற்றும் பெண்களுக்குக் குலுக்கல் முறையில் வீடு கொடுத்தார்கள். நல்ல வீடு, ஆனால் நகரத்தின் நடுவிலிருந்து 12 கிலோமீட்டர் தள்ளி. 14 ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது, குலுக்கலில் வீடு கிடைத்தவர்களில் 34 சதவீதம் பேர் அங்கே குடியேறவே இல்லை, இன்னும் 32 சதவீதம் பேர் போய்விட்டுத் திரும்பி வந்திருந்தார்கள். வீடு கிடைத்தவர்களின் வருமானம், கிடைக்காதவர்களைவிட உயரவில்லை. சொந்தபந்தத்தைவிட்டு விலகிப்போனதும், அவசரத்துக்குக் கைகொடுக்க ஆள் இல்லாமல் போனதும்தான் அவர்கள் சொன்ன குறை. அந்த ஆய்வைப் படித்தபோது எனக்குச் செம்மஞ்சேரிதான் கண்ணில் வந்தது.

1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கிய காலத்தில், குடிசை இருந்த இடத்திலேயோ பக்கத்திலேயோ மாடி வீடு கட்டிக் கொடுப்பதுதான் பெரிதும் வழக்கமாக இருந்தது. ஆகவே பட்டினப்பாக்கத்துக்காரர் பட்டினப்பாக்கத்திலேயே இருந்தார். 2000-க்குப் பிறகு கண்ணகி நகரில் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள், 2004 சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பின் உங்கள் பெரும்பாக்கம் என்று ஊருக்குத் தெற்கே கொண்டுபோய்க் குவித்தார்கள். வாரியத்தின் பெயரையும் 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றிவிட்டார்கள். வாழ்விடம் என்றால் வீடும் வேலையும் சேர்ந்ததுதான் என்று நான் நினைக்கிறேன். சரி, நடந்தது நடந்துவிட்டது. இனி அந்த அறுந்த தொடர்பை உங்கள் பிளாக்கில் எப்படி மறுபடி முடிச்சுப் போடுவது என்று பார்ப்போம்.

ஒரு 200 பக்க நோட்டு வாங்குங்கள். ஃபோனில் வேண்டாம், நோட்டுதான். ஃபோனை எடுத்து எழுத ஆரம்பித்தால் ஏதோ கணக்கெடுப்பு, வீட்டைப் பிடுங்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று பயப்படுவார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். மாலை ஏழு மணிக்கு மேல் போங்கள், ஒரு நாளுக்கு நாலு வீட்டுக்கு மேல் போகாதீர்கள். "என்ன வேலை வேணும்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அப்படிக் கேட்டால் எல்லோரும் "ஏதாவது பார்த்துக் கொடும்மா" என்பார்கள், நோட்டில் எழுத ஒன்றும் இருக்காது. "கடைசியாகக் கையில் காசு வாங்கின வேலை எது? அந்த வேலையை உங்களுக்கு யார் சொன்னார்கள்? அவர் நம்பர் இன்னும் இருக்கிறதா?" என்று கேளுங்கள். அப்புறம் நேரம். எத்தனை மணிக்குக் கிளம்ப முடியும், எத்தனை மணிக்குள் திரும்பியாக வேண்டும், வீட்டில் சின்னக் குழந்தை, படுத்த படுக்கையாக யாராவது இருக்கிறார்களா. பெண்களிடம் தனியாகக் கேளுங்கள், மாமியாரையோ கணவரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் பாதிதான் வரும்.

கடைசியாக, இதை மறக்காதீர்கள்: "இங்கே வந்த பிறகு வேலை கிடைத்தவர் யாரையாவது தெரியுமா?" உங்கள் 96 வீட்டில் ஏற்கெனவே வேலைக்குப் போகிற ஐம்பது பேராவது இருப்பார்கள். ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங், மருத்துவமனையில் வார்டு வேலை, சிறுசேரி பக்கம் கேன்டீன், அபார்ட்மென்ட் செக்யூரிட்டி என்று எங்கேயோ போகிறார்கள். அவர்கள்தான் உங்களுடைய புது டீக்கடை வாசல். எங்கே ஆள் குறைகிறது என்பது விளம்பரம் வருவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரியும். மாடிக்கு ஒருவர் என்று எட்டுப் பேரைப் பிடித்து, "உங்க இடத்துல ஆள் கேட்டா எனக்கு ஒரு வார்த்தை" என்று சொல்லி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் கீழே உட்கார்ந்தால் போதும்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் 1998-ல் ஆறு நகரங்களின் அரசு வாடகைக் குடியிருப்புகளில் ஜாப்ஸ்-பிளஸ் என்று ஒரு முயற்சி நடந்தது. குடியிருப்புக்குள்ளேயே வேலை தேடித்தரும் மையம் வைத்தார்கள். சம்பளம் வந்தால் வாடகை உடனே ஏறிவிடாதபடி சலுகை கொடுத்தார்கள். மூன்றாவதாக, அங்கே குடியிருப்பவர்களையே பொறுப்பாக்கி, வேலைச் செய்தியை வீடு வீடாகக் கொண்டுபோக வைத்தார்கள். மூன்றையும் ஒழுங்காகச் செய்த இடங்களில், ஏழு ஆண்டுகளில் மக்களின் வருமானம் மற்ற குடியிருப்புகளைவிடச் சராசரியாக 16 சதவீதம் கூடியது. ஏனோதானோ என்று செய்த இடங்களில் அந்தப் பலன் இல்லை. நம் ஊரில் பக்கத்து வீட்டு அக்கா சொன்னால்தான் போவோம் என்பது நமக்கே தெரியும், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் முகாம் நடத்தி பேனர்தான் கட்டுகிறோம்.

இனி அந்த 12 பேர். ஒவ்வொருவரிடமும் போய், "ஏன் விட்டே?" என்று கேட்காதீர்கள், அது குற்றம் சாட்டுவது போல இருக்கும். "அங்கே எப்படி இருந்தது, கடைசி நாள் என்ன நடந்தது?" என்று கேளுங்கள். என்ன பதில் வரும் என்று என்னால் கொஞ்சம் ஊகிக்க முடிகிறது. ஷிஃப்ட் இரவு பத்துக்கு முடியும், அதற்கு மேல் பஸ் கிடையாது, ஷேர் ஆட்டோவும் ஆட்டோவும் வைத்தால் அன்றைய கூலியில் கால்வாசி போய்விடும். இது ஒன்று.

இன்னொன்றை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை. தினக்கூலிக் குடும்பம் ஒன்று மாதச் சம்பளத்துக்கு மாறும்போது நடுவில் ஒரு பள்ளம் வருகிறது. ஒன்றாம் தேதி வேலைக்குச் சேர்ந்தால் முதல் சம்பளம் அடுத்த மாதம் பத்தாம் தேதி. அந்த நாற்பது நாள் அரிசிக்கு என்ன செய்வார்? பஸ்ஸுக்கு? தண்டல்காரர் தினமும் மாலை வாசலில் நிற்பார். இருபதாவது நாள் யாராவது வந்து "ஒரு நாள் சென்ட்ரிங் வேலை, கையில காசு" என்றால் போய்விடுவார். இரண்டு நாள் வரவில்லை என்று கம்பெனியில் பெயரை அடித்துவிடுவார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவர் பொறுப்பில்லாதவர். எனக்குத் தெரிந்து ஒரு பையன் முதல் சம்பளத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது செக்யூரிட்டி வேலையை விட்டான். தங்கைக்குக் காய்ச்சல், வீட்டில் 40 ரூபாய் இருந்தது. அன்றைக்கு யாராவது ஐந்நூறு ரூபாய் கொடுத்திருந்தால் அவன் இன்றும் அங்கேயே இருந்திருப்பான்.

அதனால் ஆளைச் சேர்க்கும்போதே கான்ட்ராக்டரிடம் பேசுங்கள்: முதல் மாதம் மட்டும் வாரா வாரம் கொஞ்சம் முன்பணம், பிறகு சம்பளத்தில் கழித்துக்கொள்ளட்டும். தொடர்ந்து ஆள் கிடைக்கும் என்று தெரிந்தால் பல பேர் ஒப்புக்கொள்கிறார்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் உங்கள் பிளாக் மகளிர் சுய உதவிக் குழுவில் பேசி, வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு முதல் நாற்பது நாளுக்கு மட்டும் சின்னக் கடன் கொடுக்கச் சொல்லுங்கள். முகாம் பேனருக்கு ஆகும் செலவு இதற்குப் போனால் நல்லது.

சேர்ந்த பிறகு வாரம் ஒரு தடவை பேசுங்கள், இரண்டு மாதத்துக்கு. என் அனுபவத்தில் அந்த இரண்டு மாதத்தைத் தாண்டியவர்கள் அநேகமாக வேலையில் நிலைத்துவிடுகிறார்கள். ஒரு தடவை சம்பளச் சீட்டையும் வாங்கிப் பாருங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. சம்பளத்தில் முக்கால் சதவீதம் பிடிப்பார்கள், குடும்பத்துக்கே மருத்துவம் கிடைக்கும். பணம் பிடிக்கிறார்கள், ஆனால் இ.எஸ்.ஐ. எண்ணோ பி.எஃப். எண்ணோ கொடுக்கவில்லை என்றால் அந்த ஏஜென்சிக்கு அடுத்த ஆளை அனுப்பாதீர்கள். வேலைக்குச் சேர்க்கவே பணம் கேட்டால் யாராக இருந்தாலும் கதவைச் சாத்துங்கள்.

முகவரிப் பிரச்சினையை நீங்கள் எழுதவில்லை, ஆனால் அது இல்லாமல் இருக்காது. கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று ஆதாரில் பார்த்ததும் "அப்புறம் கூப்பிடுறோம்" என்று அனுப்பிவிடுவதை நான் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். அந்தப் பையன் வெளியே வந்து, "பரவாயில்லக்கா, பழகிடுச்சு" என்றான். எனக்குத்தான் பஸ் ஸ்டாப் வரை பேச்சு வரவில்லை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வாங்கிய கபடி அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். ஊரே அந்தப் பெயரைப் பெருமையாகச் சொன்னது. வேலை கேட்டுப் போகிற அவருடைய பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் அந்த மரியாதை வர வேண்டும்.

சிலர் சொந்தக்காரர் வீட்டு முகவரியைக் கொடுத்துவிடச் சொல்வார்கள். வேண்டாம். ஆவணம் கேட்கும்போது தெரிந்துவிடும், பொய் சொன்னான் என்று ஆகிவிடும். அதற்குப் பதில் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் தனிநபரே தன்னைப் பற்றிய சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். அந்தச் சான்றை முதலிலேயே வாங்கிக் கையில் வைத்துக்கொண்டால் முதலாளி சாக்குச் சொல்ல முடியாது. சங்கத்தின் லெட்டர்பேடில் ஒரு கடிதமும் கொடுங்கள். ஒரு புது இடத்துக்கு முதல் தடவை ஆள் அனுப்பும்போது எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். நிச்சயமாக நிற்பார்கள் என்று உங்களுக்குத் தெரிந்த மூன்று பேரை மட்டும், ஒரே ஷிஃப்ட்டில், சேர்த்து அனுப்புங்கள். மூன்று பேரும் ஆறு மாதம் வேலையில் நிலைத்துவிட்டால் அந்த ஹெச்.ஆர். அடுத்த ஆளை உங்களிடம் கேட்பார். முகாமில் நாற்பது பேரைத் தள்ளிவிட்டதில் நீங்கள் செய்த தவறு இதுதான் என்று வெளிப்படையாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தையல் பயிற்சி விஷயத்துக்கு வருகிறேன். உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள்.

2009-ல் ஓர் அமைப்புக்காக நானே இப்படி ஒரு தையல் வகுப்பு நடத்தினேன். 20 மிஷின், ஆறு மாதம், 38 பெண்கள் சான்றிதழ் வாங்கினார்கள். விழா நடந்தது, எல்லோரும் புடவை கட்டி வந்து ஃபோட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒரு வருடம் கழித்துத் தேடிப் போனேன். நாலு பேர் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்களுக்கு மிஷின் வாங்கப் பணம் இல்லை, ஒரே குடியிருப்பில் 38 பேர் தைத்தால் துணி கொடுக்கவும் ஆள் இல்லை. ஒரு பெண் அந்தச் சான்றிதழை பிளாஸ்டிக் கவர் கிழியாமல் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். எனக்குக் காட்டுவதற்காக எடுத்துத் துடைத்தாள். ஆறு மாதம் அவளுடைய மதிய நேரத்தை நான் வாங்கிக்கொண்டேன், திருப்பி எதையும் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து, வேலை எங்கே என்று தெரியாமல் பயிற்சிக்கு ஆள் சேர்ப்பதில்லை.

அறக்கட்டளைக்காரர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. அவர்களிடம் கேளுங்கள்: தைத்ததை யார் வாங்குவார்கள், பயிற்சி முடிந்த மறு வாரம் எந்த இடத்தில் எத்தனை பேருக்கு வேலை, எழுதித் தருவீர்களா? தருகிறோம் என்றால் தாராளமாக நடத்துங்கள். இல்லையென்றால், அதே பணத்தில் அவர்கள் ஒரு குழந்தைகள் காப்பகம் நடத்தித் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அங்கன்வாடி சாயங்காலத்துக்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஆறு மணி வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் இருந்தால், உங்கள் நோட்டில் "வேலைக்குப் போக முடியாது" என்று எழுதின பெண்களில் எத்தனை பேர் மறுநாளே கிளம்புவார்கள் என்று பாருங்கள். பார்த்துக்கொள்ளும் ஆயாக்களுக்கும் அது வேலைதான்.

பள்ளியை விட்ட பையன்கள், பெண்பிள்ளைகளுக்கு அரசு ஐ.டி.ஐ. பற்றிச் சொல்லுங்கள். சில பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்பே போதும். மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள் எல்லாம் உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. பெண்களுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது என்பதை அம்மாக்களிடமும் சொல்லுங்கள். முடித்தவுடன் அப்ரண்டிஸாகச் சேர்ந்தால் கையில் தொகையும் வரும், கம்பெனிக்குள் முகமும் பழகும். ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலை முழுக்க அடுக்குமாடி வீடுகள். ஏ.சி., பிளம்பிங், லிஃப்ட், எலக்ட்ரிகல் தெரிந்த பையனுக்கு இந்தப் பக்கம் வேலைக்குப் பஞ்சம் இல்லை.

லிஃப்ட் என்றதும் இதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பிளாக்கிலேயே வேலை இருக்கிறது. படி கூட்ட, மோட்டார் போட, குழாய் ஒழுகினால் பார்க்க, லிஃப்ட்டைக் கவனிக்க என்று ஆள் வேண்டும். வாரியத்தின் "நம் குடியிருப்பு நம் பொறுப்பு" திட்டத்தில் சங்கம் வசூலிக்கும் பராமரிப்புத் தொகைக்கு ஈடாக அரசும் பங்கு கொடுக்கிறது. அந்தப் பணம் வெளியாளுக்குப் போகாமல் பிளாக்கில் இருப்பவர்களுக்கே போகும்படி சங்கத்தில் தீர்மானம் போடுங்கள். நாலைந்து பேருக்குத்தான் ஆகும். ஆனால் வெளியே போகவே முடியாத நாலைந்து பேரை அதற்கு எடுங்கள், கால் சரியில்லாதவர், மாற்றுத்திறனாளிப் பிள்ளையைத் தனியாக விட முடியாத தாய் என்று.

அம்மாவைப் பற்றி. திருவல்லிக்கேணிக்குத் திரும்ப அனுப்ப நினைக்காதீர்கள். சோழிங்கநல்லூர், மேடவாக்கம் பக்கம் பெரிய அபார்ட்மென்ட்கள் இருக்கின்றன. ஆனால் அங்கே தனியாகப் போய் கேட்டில் நின்றால் உள்ளே விட மாட்டார்கள். ஏற்கெனவே உள்ளே வேலை செய்யும் ஒருவர் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரே வளாகத்தில் அடுத்தடுத்து மூன்று வீடு கிடைத்தால்தான் லாபம், இங்கே ஒன்று அங்கே ஒன்று என்றால் மறுபடி பஸ்தான். பழைய வீட்டுக்காரர்களிடம் ஒரு வரி வாங்கி வரச் சொல்லுங்கள், "இவர் எங்கள் வீட்டில் இத்தனை வருடம் வேலை செய்தார்" என்று, அவர்களுடைய ஃபோன் நம்பரோடு. அந்த ஒரு சீட்டுக்கு இங்கே பெரிய மதிப்பு. வீட்டுப் பணியாளர்களுக்கு 2007-லிருந்து நல வாரியம் இருக்கிறது, 60 வயதுக்குள் என்றால் பதிந்துவிடுங்கள்.

மற்ற அரசுக் கதவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டவர்கள் புதுப்பிக்கட்டும். தனியார் வேலைகளுக்கென்று அரசே நடத்தும் இணையதளம் இருக்கிறது, பிளாக்கில் படித்த பிள்ளை ஒன்றுக்கு அதைப் பார்க்கும் பொறுப்பைக் கொடுங்கள். மீன், பூ, இட்லி விற்பவர்களுக்குத் தெருவோர வியாபாரி அடையாள அட்டை வாங்கிக் கொடுங்கள், அது இருந்தால் வங்கியில் பிணை இல்லாமல் முதல் தவணையாக 15,000 ரூபாய் வரை கடன் கேட்கலாம். பட்டியல் சாதி, பழங்குடி குடும்பத்தில் யாராவது சொந்தமாக வண்டியோ கடையோ போட நினைத்தால், அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீதம் மானியம் உண்டு, படிப்புத் தகுதி கேட்பதில்லை. ஆனால் கடன் வாங்கித் தொழில் செய்வது எல்லோருக்கும் ஒத்துவராது. வேலை கிடைக்காதவரையெல்லாம் முதலாளி ஆக்கிவிடலாம் என்று நினைத்துக் கடனில் தள்ளிவிடாதீர்கள்.

இனி ஏழாவது மாடி அண்ணன். அவரிடம் நோட்டோடு போகாதீர்கள். இரண்டு டீ வாங்கிக்கொண்டு போய் அதே படியில் பக்கத்தில் உட்காருங்கள். வேலையைப் பற்றி எடுத்த உடனே பேச வேண்டாம். எட்டு மாதம் சும்மா இருந்தவருக்கு வேலை என்ற சொல்லே குத்தும். "அண்ணா, எங்க சங்க ரூம் சுவர் பூரா ஓதம் பிடிச்சுக் கிடக்கு, என்ன அடிச்சா நிக்கும்?" என்று கேளுங்கள். பட்டி பார்க்க வேண்டுமா, பிரைமர் எத்தனை கோட் என்று அவர் பேச ஆரம்பித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அந்த ரூமை அவரையே அடிக்கச் சொல்லுங்கள். இனாமாக வேண்டாம், கூலி கொடுங்கள், வேலை முடிந்த அன்றே கையில் கொடுங்கள். அடித்த சுவரைப் பக்கத்தில் நின்று ஃபோட்டோ எடுத்து அவர் ஃபோனில் போட்டுக் கொடுங்கள். அடுத்த பார்ட்டிக்குக் காட்ட அவரிடம் ஒன்று இருக்கும். மேடவாக்கத்தில் பெயிண்ட் கடைகள் இருக்கின்றன. ஒரு நாள் காலையில் அவரோடு போய் இரண்டு மூன்று கடைக்காரர்களிடம் நம்பர் கொடுத்துவிட்டு வாருங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் அவர் அட்டை இருக்கிறதா, புதுப்பித்திருக்கிறாரா என்றும் பாருங்கள்.

ஒருவேளை அவருக்கு உயரத்தில் நிற்கும்போது தலை சுற்றலாம், கண் மங்கலாம், குடிப் பழக்கம் ஏறியிருக்கலாம். வேலை இல்லை என்பது வெளியே தெரிகிற காரணமாக மட்டும் இருக்கும். அப்படி இருந்தால் வேலையைத் தள்ளி வையுங்கள், முதலில் மருத்துவமனை. 104-க்கு அழைத்தால் எங்கே போகலாம் என்று வழி சொல்வார்கள். நீங்களே கூடப் போனால் வருவார்.

நோட்டில் முதல் இருபது வீடு முடிந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள். அந்த 12 பேர் சொன்ன பதில்களையும் சேர்த்து எழுதுங்கள், அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே. முதல் மூன்று பேரை எந்தக் கம்பெனிக்கு அனுப்பலாம் என்று அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம். அங்கே பேசப் போகும் அன்றைக்கு நானும் வருகிறேன், காலை எட்டு மணிக்கு மேல் என்றால் எந்தக் கிழமையானாலும் சரி.